உலக உருண்டை முதல் விமான டிக்கெட் வரை: அட்சரேகை, தீர்க்கரேகை, நேர வலயம் புதிதாகக் கற்பவர்களுக்கு

பள்ளியில் படித்து முடித்த விஷயம்தானே என்று விட்டுவிட்டால் இது திரும்பத் திரும்ப வந்து வழிமறிக்கும். போட்டித் தேர்வுக்கு உட்கார்ந்தால் தீர்க்கரேகைக் கணக்கு, ஜிஎஸ்டி பதிவுக்குப் போனால் கடையின் அட்சரேகை, வெளிநாட்டு நிறுவனத்தோடு நேர்காணல் என்றால் மூன்றெழுத்து நேரக் குறியீடு. நான் இவற்றைத் துண்டு துண்டாக, ஒவ்வொரு முறையும் அவசரத்தில் கற்றுக்கொண்டதால் ஒன்றுக்கொன்று உள்ள தொடர்பே நீண்ட நாள் புரியவில்லை. பாடம் ஒன்றும் கடினமில்லை, படிக்கும் வரிசைதான் எல்லோரையும் சுற்றவிடுகிறது. புத்தகங்கள் வரையறையில் தொடங்கும். நீங்கள் உருண்டையில் தொடங்குங்கள், அப்புறம் உங்கள் ஊரின் எண்கள், அதற்கப்புறம் தட்டை வரைபடம், கடைசியில் கடிகாரம். தினமும் மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிடும், செலவும் பெரிதாக இல்லை.

ஒரு விஷயம் முதலிலேயே. தமிழ்நாட்டுப் பாடநூலில் அட்சக்கோடு, தீர்க்கக்கோடு என்று இருக்கும், பழைய நூல்களில் அட்சரேகை, தீர்க்கரேகை, இலங்கைப் புத்தகங்களில் அகலக்கோடு, நெடுங்கோடு. எல்லாம் ஒன்றுதான், குழம்பாதீர்கள்.

1. உருண்டை வாங்குங்கள், படம் போதாது

எட்டு அங்குல உருண்டை போதும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, உள்ளே விளக்கு எரிவது, பித்தளைத் தாங்கி உள்ளது என்று போனால் விலைதான் ஏறும், பாடம் கூடாது. கடையில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். அட்ச, தீர்க்கக் கோடுகள் எண்களோடு தெளிவாக அச்சாகியிருக்க வேண்டும். உருண்டை சுழலும் அச்சுக் கம்பி சாய்ந்திருக்க வேண்டும் (23.5 டிகிரி). மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் ஒட்டிய இடத்தில் கோடுகள் ஒன்றோடொன்று சரியாகச் சேர வேண்டும். மலிவு உருண்டைகளில் இந்த ஒட்டு அரை சென்டிமீட்டர் விலகியிருப்பதைப் பார்க்கலாம். எட்டு அங்குல உருண்டையில் அரை சென்டிமீட்டர் என்றால் தரையில் முந்நூறு கிலோமீட்டர்.

வெளிநாட்டில் அச்சான உருண்டைகளில் காஷ்மீர் எல்லை வேறு மாதிரி இருக்கும். தேர்வுக்குப் படிப்பவர் இந்திய நிலஅளவைத் துறையின் எல்லைப்படி அச்சான அட்லஸ் ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். தேர்வில் இந்திய வரைபடம் வரையும்போது அந்த எல்லைதான் செல்லும்.

வாங்கியதும் ஒரு நூல் எடுத்து அளந்து பழகுங்கள். எட்டு அங்குல உருண்டையின் சுற்றளவு சுமார் 64 சென்டிமீட்டர், பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். ஆக ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 630 கிலோமீட்டர். சென்னையிலிருந்து லண்டனுக்கு நூலை இழுத்துப் பிடித்தால் 13 சென்டிமீட்டர் வரும், அதாவது எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். அப்புறம் துபாயிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு இழுத்துப் பாருங்கள். நூல் அட்லாண்டிக் பக்கமே போகாது, நேரே வட துருவத்தை ஒட்டி ஏறி மறுபக்கம் இறங்கும். சுவரில் மாட்டிய உலகப் படத்தை எத்தனை வருடம் பார்த்தாலும் இது தெரியவராது. உருண்டை வாங்கச் சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

2. இரண்டு வகைக் கோடுகளையும் விரலால் தொட்டுப் பழகுங்கள்

அட்சரேகை என்பது நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே அல்லது தெற்கே எவ்வளவு என்று சொல்வது, 0 முதல் 90 வரை. தீர்க்கரேகை என்பது கிரீன்விச் வழியே போகும் 0 டிகிரிக் கோட்டிலிருந்து கிழக்கே அல்லது மேற்கே எவ்வளவு என்று சொல்வது, 0 முதல் 180 வரை. மனப்பாடம் வேண்டாம். உருண்டையைச் சுழற்றிக்கொண்டே ஒரு விரலை அசையாமல் வைத்தால் விரல் போகும் பாதை அட்சரேகை. உருண்டையை நிறுத்திவிட்டு விரலைத் துருவத்திலிருந்து துருவத்துக்கு இழுத்தால் அது தீர்க்கரேகை.

விரலில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அட்சரேகைகள் எங்கும் சம தூரத்தில் இருக்கும். தீர்க்கரேகைகள் துருவத்தை நெருங்க நெருங்க நெருக்கியடித்து ஒரே புள்ளியில் சேரும். நாலாவது படியில் இது தேவைப்படும்.

3. உங்கள் ஊரின் எண்களை எடுங்கள்

கூகுள் மேப்பில் உங்கள் வீட்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் சிவப்புக் குண்டூசி விழும், இரண்டு எண்கள் வரும். கணினியில் என்றால் வலது க்ளிக், பட்டியலின் முதல் வரியே அதுதான். காசு கிடையாது. நான் தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்கிறேன்: 10.7828, 79.1318. முதலில் வருவது அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை.

அதிகம் பேர் விழும் பள்ளங்கள் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன.

முதல் பள்ளம், இடம் மாறுவது. இதே எண்களை 79.1318, 10.7828 என்று திருப்பிப் போட்டால் பெரிய கோயில் நார்வேக்கும் வடக்கே ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்டு தீவுக் கரையோரம் போய் நிற்கும். எல்லா மென்பொருளும் அட்சரேகையை முதலில் கேட்பதில்லை, வரைபடக் கோப்பு வகைகள் சிலவற்றில் தீர்க்கரேகைதான் முன்னால் வரும். தமிழ்நாட்டுக்கு ஒரு சுலப அடையாளம்: 8 முதல் 13க்குள் இருப்பது அட்சரேகை, 76 முதல் 80க்குள் இருப்பது தீர்க்கரேகை. (சென்னையிலும் அதற்கு வடக்கேயும் இரண்டும் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.)

இரண்டாவது, இன்னும் மோசமானது. அதே கோயிலை டிகிரி, நிமிடம், விநாடியில் எழுதினால் 10°46'58". ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 60 விநாடி. இதைத் தசமமாக்க 46ஐ 60ஆல் வகுத்து, 58ஐ 3600ஆல் வகுத்து, இரண்டையும் 10உடன் கூட்ட வேண்டும், 10.7828 வந்துவிடும். ஆனால் நிறையப் பேர் செய்வது என்ன? 10.4658 என்று நிமிடத்தையும் விநாடியையும் அப்படியே புள்ளிக்குப் பின்னால் ஒட்டிவிடுகிறார்கள். இரண்டு எண்களுக்கும் இப்படிச் செய்தால் கோயில் முப்பத்தைந்து கிலோமீட்டர் தெற்கே நகர்ந்து புதுக்கோட்டை மாவட்டத்துப் பக்கம் விழுகிறது. கணினி தவறு என்று சொல்லாது, ஏனென்றால் அதுவும் ஒரு நிஜமான இடம்தான். புள்ளிக்குப் பின்னால் உள்ள முதல் இரண்டு இலக்கம் 60க்குக் குறைவாகவே எல்லா இடத்திலும் வந்தால் அந்தப் பட்டியலைச் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது, கூட்டல் குறி நடுவில் வரும் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீட்டை (ப்ளஸ் கோடு) நகலெடுத்து வந்து படிவத்தில் ஒட்டுவது. அது வேறு சமாச்சாரம், அட்சரேகை கேட்கும் கட்டத்தில் அது ஏறாது.

ஜிஎஸ்டி பதிவுபோல இருப்பிடம் கேட்கும் படிவங்களில் கடை வாசலில் நின்று எண்ணை எடுங்கள், வீட்டில் உட்கார்ந்து தெருப்பெயரைத் தட்டி வருகிற புள்ளியை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் தெருவின் நடுவிலோ பின்கோடு பகுதியின் நடுவிலோ விழும். கட்டடத்துக்குள் இருந்தால் ஜிபிஎஸ் தத்தளிக்கும், வெளியே வந்து நீல வட்டம் சுருங்கும் வரை ஒரு நிமிடம் பொறுங்கள். எண் எடுத்த அதே இடத்தில் பெயர்ப்பலகை தெரிய ஒரு புகைப்படமும் எடுத்துவிடுங்கள், ஆய்வுக்கு வருபவரிடம் காட்ட உதவும். வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது இவற்றில் உள்ள முகவரியும் குண்டூசி விழுந்த இடமும் ஒன்றாக இருக்கிறதா என்று சமர்ப்பிக்கும் முன்பே பாருங்கள். ஜிஎஸ்டி பதிவுக்கு அரசுக் கட்டணமே கிடையாது. செய்து கொடுப்பவர் வாங்குவது அவருடைய கூலி, குண்டூசியை அவர் தன் அலுவலகத்திலேயே குத்திவிட்டால் அலைவது நீங்கள்தான்.

4. டிகிரியைக் கிலோமீட்டராக மாற்றிப் பாருங்கள்

அட்சரேகையில் ஒரு டிகிரி சுமார் 111 கிலோமீட்டர். ஒரு நிமிடம் 1.85 கிலோமீட்டர், ஒரு விநாடி 31 மீட்டர். தசமத்தில் பார்த்தால் மூன்றாவது இலக்கம் நூறு மீட்டர் அளவு, நான்காவது பதினோரு மீட்டர், ஐந்தாவது ஒரு மீட்டர். சாதாரணக் கைபேசியின் துல்லியமே சில மீட்டர்தான், ஆகவே ஐந்து இலக்கத்துக்கு மேல் எழுதுவது வீண்.

தீர்க்கரேகையில் ஒரு டிகிரி இடத்துக்கு இடம் மாறும், கோடுகள் நெருங்குகின்றன அல்லவா. நிலநடுக்கோட்டில் 111, சென்னையில் 108, டெல்லியில் 98, லண்டனில் 69 கிலோமீட்டர்.

கன்னியாகுமரி 8.08 வடக்கு, 77.55 கிழக்கு. சென்னை 13.08 வடக்கு, 80.27 கிழக்கு. வடக்கு தெற்காக 5 டிகிரி, 555 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக 2.7 டிகிரி, கிட்டத்தட்ட 295. பிதாகரஸ் சூத்திரத்தில் போட்டால் நேர்க்கோட்டில் சுமார் 630 கிலோமீட்டர். சாலையில் 700 வருகிறது, ஆகக் கணக்கு நம்பும்படி இருக்கிறது. இந்த அளவு தூரத்துக்கு இது சரி, கண்டம் விட்டுக் கண்டம் போக நூலும் உருண்டையும்தான்.

எண்கள் பழகியபின் வரைபடத்தைப் பார்க்காமலே சில விஷயங்கள் தெரிய ஆரம்பிக்கும். யாழ்ப்பாணத்தின் தீர்க்கரேகை 80.02, அதாவது அது சென்னைக்கு ஏறத்தாழ நேர் தெற்கே. பெங்களூரு 12.97, சென்னைக்கு நேர் மேற்கே. இப்படி உங்கள் ஊருக்கு நேர் வடக்கே, நேர் கிழக்கே யார் என்று தேடிப் பாருங்கள், நான் சொல்லும் எந்தப் பயிற்சியையும்விட இது நன்றாக ஒட்டிக்கொள்ளும்.

5. தட்டை உலகப் படத்தில் பரப்பை நம்பாதீர்கள்

உருண்டையைத் தட்டையாக்கினால் ஏதோ ஒன்று கெடும். சுவரில் மாட்டும் மெர்கேட்டர் வகைப் படத்தில் திசை சரியாக இருக்கும், பரப்பு கெடும். கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும், நிஜத்தில் ஆப்பிரிக்கா அதைப் போலப் பதினான்கு மடங்கு. பரப்பை ஒப்பிட வேண்டுமென்றால் உருண்டைக்குப் போங்கள்.

6. டோபோஷீட் ஒன்றை இறக்கிப் படியுங்கள்

டோபோஷீட் என்பது மேடு பள்ளம், ஆறு, சாலை எல்லாம் காட்டும் விரிவான நில வரைபடத் தாள். தேர்வுக்குப் படிப்பவர்கள் இதைத் தவிர்க்கவே முடியாது, மலையேறுபவர்களும் நிலம் பார்ப்பவர்களும்கூடத் தெரிந்துகொண்டால் நல்லது. இந்திய நிலஅளவைத் துறை 1:50,000 அளவுள்ள திறந்த வரிசை வரைபடங்களைத் தன் இணையதளத்தில் பிடிஎஃப் ஆக இலவசமாகத் தருகிறது. பதிவு செய்து உள்நுழைய வேண்டும், கைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதைத்தான் சிலர் காசுக்கு விற்கிறார்கள், வாங்காதீர்கள்.

எந்தத் தாள் வேண்டும் என்பதை நீங்களே கணக்கிடலாம். நிலநடுக்கோட்டிலிருந்து நான்கு நான்கு டிகிரியாக வடக்கே ஏ, பி, சி, டி என்று எழுத்து ஏறும். 8 முதல் 12 வரை சி, 12 முதல் 16 வரை டி. தீர்க்கரேகையில் ஆறு ஆறு டிகிரியாக எண்: 72 முதல் 78 வரை 43, 78 முதல் 84 வரை 44. ஆகச் சென்னை டி44, மதுரை சி44, கோவை சி43. அதற்குள் ஒரு டிகிரிக் கட்டங்கள் 24, ஒவ்வொன்றுக்கும் பதினாறு தாள். ஒரு தாள் 15 நிமிடத்துக்கு 15 நிமிடம், தரையில் ஏறத்தாழ 27 கிலோமீட்டர் சதுரம்.

1:50,000 என்றால் காகிதத்தில் ஒரு சென்டிமீட்டர், தரையில் 500 மீட்டர். ஆக முழுத்தாள் காகிதத்தில் ஐம்பத்தைந்து சென்டிமீட்டர் உயரம் வரும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால் "பக்கத்துக்குள் அடக்கு" என்று தட்டி ஏ4 தாளில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஓரத்தில் 1:50,000 என்று அப்படியே அச்சாகியிருக்கும், ஆனால் அந்த விகிதம் செத்துப்போயிருக்கும். அடியில் உள்ள கோட்டு அளவுகோல் மட்டும் படத்தோடு சேர்ந்து சுருங்கும் என்பதால் அதை வைத்து அளந்தால் தப்பித்தீர்கள். முழு அளவில் வேண்டுமென்றால் ஏ1 தாளில் வண்ணத்தில் அடிக்கும் கடையைத் தேடுங்கள், விலையை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். படிக்க மட்டும்தான் என்றால் திரையே போதும்.

நிறங்கள் சுலபம். நீலம் நீர், பச்சை காடு, மஞ்சள் விளைநிலம், சிவப்பு சாலையும் குடியிருப்பும், பழுப்பு சம உயரக்கோடு (ஒரே உயரத்தில் உள்ள இடங்களைச் சேர்க்கும் கோடு). ஆற்றின் கோடு நீலமாக இல்லாமல் கறுப்பாக இருந்தால் வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடாது என்று பொருள். தேர்வில் இதைக் கேட்பார்கள். பழுப்புக் கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சரிவு மெல்லியது. இரண்டு கோடுகளுக்கு நடுவே பெரும்பாலும் 20 மீட்டர், தாளின் ஓரத்தில் ஒருமுறை பார்த்து உறுதி செய்யுங்கள். பள்ளத்தாக்கில் அந்தக் கோடுகள் கூராக வளையும், கூர் காட்டும் பக்கம் மேடு. எந்த மலைச்சரிவில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை இது ஒன்றே சொல்லிவிடும்.

தாளின் மேல் அச்சான சதுரக் கட்டங்களின் எண்ணை (கட்டக் குறிப்பு) படிக்கும்போது வரிசை தலைகீழ் என்பதை மறக்க வேண்டாம். அட்சரேகை, தீர்க்கரேகை என்று எழுதும்போது வடக்கு முதலில். கட்டக் குறிப்பு எழுதும்போது கிழக்கு முதலில், வடக்கு அடுத்து. இரண்டையும் ஒரே நாளில் படிக்காதீர்கள்.

பழைய டோபோஷீட் கையில் இருந்தால் அதன் எண்களை அப்படியே ஜிபிஎஸ்ஸில் போட வேண்டாம். அவை எவரெஸ்ட் என்ற பழைய பூமி வடிவக் கணக்கில் வரைந்தவை, ஜிபிஎஸ் வேறு கணக்கு. புள்ளி தள்ளி விழும். புதிய திறந்த வரிசைத் தாள்களில் இந்தத் தொல்லை இல்லை.

7. கோணத்திலிருந்து நேரத்துக்கு

பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது. ஒரு மணிக்கு 15 டிகிரி, ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். கிழக்கே போனால் கூட்டு, மேற்கே போனால் கழி. இந்தியத் திட்ட நேரம் 82.5 டிகிரி கிழக்கை வைத்தது, அந்தக் கோடு உத்தரப் பிரதேசத்தில் மிர்சாபூருக்கு அருகே போகிறது. 82.5ஐ நான்கால் பெருக்கினால் 330 நிமிடம், ஐந்தரை மணி நேரம்.

சென்னை 80.27. வித்தியாசம் 2.23 டிகிரி, ஏறத்தாழ 9 நிமிடம். ஆகச் சென்னையில் கடிகாரம் 12 காட்டும்போது சூரியன் உச்சிக்கு வர இன்னும் 9 நிமிடம் சராசரியாக இருக்கிறது. மொட்டைமாடியில் ஒரு குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு நேராக்கி, பதினொன்றரையிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைத்துப் பாருங்கள். மிகக் குட்டையான நிழல் விழும் நேரம்தான் உங்கள் ஊரின் உண்மையான நண்பகல். பிப்ரவரி நடுவில் அது 12:23 வரை போகும், நவம்பர் தொடக்கத்தில் 11:53க்கே வந்துவிடும், பயப்பட வேண்டாம், பூமியின் பாதையும் அச்சின் சாய்வும் செய்யும் வேலை அது. ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் செய்தால் சென்னையில் நிழலே இருக்காது, குழாயின் அடியிலேயே ஒளிந்துகொள்ளும்.

தேர்வுக் கணக்கில் இரண்டு ஊர்களும் கிரீன்விச்சுக்கு ஒரே பக்கம் இருந்தால் டிகிரிகளைக் கழியுங்கள், எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் கூட்டுங்கள். மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இடத்திலும், நள்ளிரவைத் தாண்டும்போது தேதியை மாற்ற மறப்பதிலும்தான்.

8. சட்ட நேரம் வேறு, கணக்கு நேரம் வேறு

சிங்கப்பூர் 103.8 டிகிரி கிழக்கு. கணக்குப்படி கிரீன்விச்சுக்கு முன்னால் 6 மணி 55 நிமிடம்தான் இருக்க வேண்டும், ஆனால் அரசு வைத்திருப்பது 8 மணி நேரம். அங்கே காலை ஏழு மணிவாக்கில்தான் சூரியன் வருவது இதனால்தான். சீனா முழுவதும் ஒரே நேரம். நேபாளம் நம்மைவிடக் கால்மணி முன்னால். ஆகத் தேர்வில் டிகிரியைப் பெருக்குங்கள், வாழ்க்கையில் அந்நாட்டு நேரத்தைப் பாருங்கள்.

நம்மைவிட துபாய், மஸ்கட் ஒன்றரை மணி பின்னால். சவுதி, கத்தார், குவைத், பஹ்ரைன் இரண்டரை மணி பின்னால். சிங்கப்பூர், மலேசியா இரண்டரை மணி முன்னால். இலங்கை நம் நேரமேதான். இந்த நாடுகளில் வருடம் முழுக்க இதுவே.

வருடத்துக்கு இருமுறை கடிகாரத்தைத் திருப்பும் நாடுகள்தான் தலைவலி. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பழையபடி திருப்புவார்கள். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு. 2026இல் அமெரிக்கா மார்ச் 8, பிரிட்டன் மார்ச் 29. நடுவே உள்ள மூன்று வாரத்தில் நியூயார்க், லண்டன், சென்னை மூன்றும் சேரும் கூட்டம் இருந்தால் யாரோ ஒருவர் ஒரு மணி நேரம் தவறி வருவார். சிட்னியில் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை மாறும், அதே ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனில் மாறாது.

நியூயார்க் காலை 9 மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு இரவு 7:30, கோடையில் 6:30. மின்னஞ்சலில் இந்தியத் திட்ட நேரத்தை "ஐஎஸ்டி" என்று சுருக்கிப் போட்டால் அயர்லாந்துக்காரரும் இஸ்ரேல்காரரும் தங்கள் நேரம் என்று எடுத்துக்கொள்ளலாம், "சிஎஸ்டி" என்றால் சிகாகோவா சீனாவா என்று தெரியாது. "சென்னை நேரம் மாலை 6:30, நியூயார்க் நேரம் காலை 9" என்று ஊர்ப்பெயரோடு இரண்டையும் எழுதுங்கள். கைபேசி நாட்காட்டியிலும் குறியீட்டைத் தேடாமல் ஊரைத் தேர்ந்தெடுங்கள், கோடைநேரக் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும்.

9. டிக்கெட்டும் கடைசி நாளும்

விமான டிக்கெட்டில் புறப்படும் நேரம் அந்த ஊர் நேரம், சேரும் நேரம் சேரும் ஊர் நேரம். சென்னையில் 23:30க்குப் புறப்பட்டுச் சிங்கப்பூரில் மறுநாள் 06:05க்குச் சேர்ந்தால் ஆறரை மணிப் பயணம் என்று நினைக்க வேண்டாம், இரண்டரையைக் கழித்தால் 4 மணி 5 நிமிடம். திரும்பி வரும்போது கூட்ட வேண்டும்.

ஆனால் காசைக் கரைப்பது இது இல்லை, நள்ளிரவு தாண்டிய விமானம்தான். 15ஆம் தேதி 00:40 என்று இருந்தால் நீங்கள் விமான நிலையத்தில் நிற்க வேண்டியது 14ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கு. 15ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும், புது டிக்கெட் உங்கள் செலவு. ஹோட்டல், வாடகைக் கார், விடுப்புக் கடிதம் எல்லாவற்றிலும் தேதியை டிக்கெட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டில் சொல்லும்போதும் "14ஆம் தேதி ராத்திரி கிளம்புகிறேன்" என்று சொல்லிவிடுங்கள், 15 என்று சொல்லி வைத்தால் வண்டி ஒரு நாள் கழித்துதான் வரும்.

வெளிநாட்டு மாநாடு, ஆய்வுத்தாள் விண்ணப்பங்களில் கடைசி நாளுக்குப் பக்கத்தில் "பூமியில் எங்காகிலும்" என்ற பொருள்படும் குறிப்பு இருக்கும். கிரீன்விச்சுக்கு 12 மணி நேரம் பின்தங்கிய நேரத்தை அது குறிக்கிறது. அங்கே 31ஆம் தேதி இரவு 11:59 என்றால் நமக்கு மறுநாள் மாலை 5:29. இந்தக் குறிப்பு இல்லாமல் வெறும் தேதி மட்டும் இருந்தால் எந்த ஊர் நேரம் என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் கேளுங்கள், பதில் வரும்வரை நம் நேரம், அவர்கள் நேரம் இரண்டில் எது முன்னால் முடிகிறதோ அதையே கடைசி நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் கட்ட வேண்டிய விண்ணப்பம் என்றால் வங்கியின் ஓடிபி தாமதமாகும் நேரத்தையும் சேர்த்து ஒரு நாள் முன்பே முடித்துவிடுங்கள்.